சான் டியாகோவிலிருந்து சூரை பிடிக்கப் போகிறீர்களா? நீண்ட பயணப் படகுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஊர் சான் டியாகோ. ஆழ்கடலுக்குப் போய்த் தூண்டிலில் சூரை, அதாவது டூனா, பிடிக்க விரும்புகிறவர்களுக்கு அதுதான் தலைநகரம். கலிபோர்னியாவில் இருக்கும் நம் நண்பர்களும், அவர்களைப் பார்க்க வரும் மீன் பைத்தியங்களும் இந்தப் பயணத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

'நீண்ட பயணம்' என்றால் என்ன? சாதாரண மீன்பிடிப் படகிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

சாதாரணப் படகு காலையில் கிளம்பி மாலையில் கரைக்கு வந்துவிடும். நீண்ட பயணப் படகு 3 நாளிலிருந்து 16 நாள், சில நேரம் அதற்கும் மேல், கடலிலேயே இருக்கும். படகு ஏறக்குறைய 90 முதல் 120 அடி நீளம். 20 முதல் 30 பேர் வரை பயணிகள். தனித்தனியே பணம் கட்டி வந்தவர்கள், ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாதவர்கள். கேப்டன், சமையல்காரர்கள், டெக்கில் வேலை பார்க்கும் ஆட்கள் எனப் படகுப் பணியாளர்கள் தனி.

இந்த முறை எங்கிருந்தோ வந்துவிடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சான் டியாகோ சூரைத் தொழிலின் பெரிய துறைமுகம். போர்த்துகீசிய, ஜப்பானியக் குடும்பங்கள் தொட்டியில் உயிர் மீன்களை நிரப்பிக்கொண்டு தெற்கே போய், மூங்கில் கோலால் சூரையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டன. 1950-களின் கடைசியில் அந்தத் தொழில் பெரிய சுற்று வலைகளுக்கு மாறிவிட்டது. உயிர் இரையை வைத்துச் சூரையைப் படகருகே கூப்பிடும் வித்தை மட்டும் இந்தப் பொழுதுபோக்குப் படகுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பில் பூல், ஃபிராங்க் லொப்ரெஸ்ட்டி போன்ற கேப்டன்கள் இதை வாரக்கணக்கில் நீளும் பயணமாக வளர்த்தெடுத்தவர்கள்.

எங்கே போவார்கள்?

பெரும்பாலும் தெற்கே, மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் பசிபிக் பக்கம். குவாடலூப்பே தீவு சுமார் 220 கடல் மைல். ஒரு நாள் ஓட்டம். அதற்கும் கீழே செட்ரோஸ் தீவு, அலிஹோஸ் பாறைகள், மக்தலேனா விரிகுடாவுக்கு வெளியே இருக்கும் கடலடி மேடுகள். மிக நீண்ட பயணங்கள் ஹரிக்கேன் பேங்க் என்னும் கடலடி மலை வரை போகும். அது சான் டியாகோவிலிருந்து 900 கடல் மைலுக்கும் மேல். படகு மணிக்கு 10 கடல் மைல் ஓடினால் போகவே 4 நாள், வர 4 நாள்.

ஒரு காலத்தில் ரெவில்லாஹிஹேதோ தீவுக் கூட்டம்தான் இந்தப் படகுகளின் சொர்க்கம். 2017-ல் மெக்சிகோ அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்து மீன்பிடிப்பை முழுவதும் தடை செய்துவிட்டது. மீன்பிடிக்கிறவனாக அது எனக்கு இழப்புதான். ஆனாலும் பெரிய சூரைகளுக்கு ஒரு நிம்மதியான இடம் வேண்டும் என்பதால் அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

குறுகிய பயணங்கள் அமெரிக்கக் கடலிலேயே, சான் கிளமென்டே தீவு, டேனர் பேங்க், கோர்டெஸ் பேங்க் பக்கம் நடக்கும். பெரிய நீலத்துடுப்புச் சூரைக்கு இப்போது அந்த இடங்கள்தான் பேர் போனவை.

என்னென்ன மீன் கிடைக்கும்? எவ்வளவு பெரிசு?

மஞ்சள் துடுப்புச் சூரைதான் நீண்ட பயணத்தின் நாயகன். 200 பவுண்டைத் தாண்டிய மீனை, அதாவது 90 கிலோவுக்கு மேற்பட்டதை, இங்கே 'பசு' என்பார்கள். 300-ஐத் தாண்டினால் 'சூப்பர் பசு'. 1977-ல் கர்ட் வீசன்ஹட்டர் ரெவில்லாஹிஹேதோவில் பிடித்த 388 பவுண்டு மீன் 33 ஆண்டுகள் உலக சாதனையாக நின்றது. 2010-ல் மைக் லிவிங்ஸ்டன் சான் டியாகோவின் வாகபாண்ட் படகிலிருந்து 405 பவுண்டு மீனைப் பிடித்தார். 2012-ல் காபோ சான் லூகாஸ் கடலில் கய் யோக்கம் என்பவர் பிடித்தது 427 பவுண்டு, ஏறக்குறைய 194 கிலோ.

நீலத்துடுப்பு, பெருங்கண் சூரை, அல்பகோர், ஸ்கிப்ஜாக் ஆகியவையும் வரும். கூடவே வஞ்சிரத்தின் உறவுக்காரனான வாஹூ, டொராடோ, யெல்லோடெயில்.

எந்த மாதத்தில் போகலாம்?

ஜூன் முதல் அக்டோபர் வரை 2 நாள், 3 நாள், 5 நாள் பயணங்கள் அதிகம். அக்டோபர், நவம்பரில் 8 முதல் 10 நாள் பயணங்கள். சூரையும் வாஹூவும் கலந்து கிடைக்கும். 'பசு' வேண்டும் என்றால் குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் போகும் 15, 16 நாள் பயணங்கள்தான்.

எல்லோரும் இரை, இரை என்கிறார்களே. அது அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். விலை உயர்ந்த ராடு (தூண்டில் கோல்), ரீல் (நூல் சுற்றும் உருளை), வலுவான கை எல்லாம் பிறகுதான். துடிப்பான ஒரு மத்தியைச் சரியாகத் தேர்ந்து, காயப்படாமல் தூண்டில் முள்ளில் மாட்டி, அதை இயல்பாக நீந்த விடத் தெரிந்தவர்தான் இங்கே மீன் பிடிப்பார்.

படகு கிளம்பியதும் முதலில் போவது விரிகுடாவில் மிதக்கும் இரைக் கூண்டுகளுக்கு. அங்கே மத்தியும் நெத்திலியும் வலைக் கூண்டுகளில் உயிரோடு வைக்கப்பட்டிருக்கும். பிடித்த அன்றே ஏற்றிய மத்தி சீக்கிரம் செத்துப்போகும். சில வாரம் கூண்டில் இருந்து பழகிய மத்தி தாக்குப்பிடிக்கும். கைவலையில் அள்ளி அள்ளிப் படகின் தொட்டிகளில் நிரப்புவார்கள். அப்புறம் பயணம் முழுக்க அந்தத் தொட்டிகளுக்குள் கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்கும். செத்ததை உடனுக்குடன் எடுத்துப் போட ஒருவர் காவல் இருப்பார். இரை செத்தால் பயணமே செத்தது என்பது படகுக்காரர்களுக்குத் தெரியும்.

உங்கள் முறை வரும்போது தொட்டியை எட்டிப் பாருங்கள். மூக்கு சிவந்து அடிபட்டிருப்பது, செதில் உதிர்ந்து வெளிறியிருப்பது, கூட்டத்தை விட்டுத் தனியே சுற்றுவது எதுவும் வேண்டாம். பிடிக்கப் போனால் நழுவி ஓடுகிறதே, முதுகு பச்சையாக மின்னுகிறதே, அதை எடுங்கள். கையை நனைத்துக்கொண்டு மென்மையாகப் பிடியுங்கள். அழுத்தினால் செதில் போய்விடும். முள்ளை மூக்கின் குறுக்கே மாட்டலாம், அல்லது செவுள் மூடிக்குப் பின்னால் இருக்கும் கெட்டியான எலும்போரத்தில் மாட்டலாம். கீழே ஆழத்துக்கு இறங்க வேண்டுமென்றால் வயிற்றுக்குப் பின்னால், அடித்துடுப்பின் அருகே மாட்டுவார்கள்.

நீரில் விட்டதும் மத்தி படகை விட்டு விலகி ஓட வேண்டும். ரீலைத் திறந்து வைத்து, சுருளின் மேல் கட்டைவிரல் பட்டும் படாமலும் இருக்கட்டும். மத்தி பயந்தால் அந்த நடுக்கம் விரலில் தெரியும். அடுத்த கணம் லைன், அதாவது தூண்டில் நூல், விர்ரென்று ஓடும். படகோரமே சுற்றிச் சுற்றி வருகிற சோம்பேறி மத்தி என்றால் தயங்காமல் மாற்றுங்கள். ஒரே மத்தியை அரை மணி நேரம் ஊறப் போட்டுவிட்டு 'இன்றைக்கு மீனே இல்லை' என்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். பக்கத்தில் நிற்பவர் அதற்குள் பத்து மத்தி மாற்றியிருப்பார், மீனும் அவருக்குத்தான்.

மீன் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சோனார், பறவைகள், நீரின் வெப்பநிலை, மிதக்கும் கடற்பாசித் திட்டுகள் எல்லாம் பார்ப்பார்கள். ஓடும்போது நான்கைந்து பேர் முறை வைத்துப் பின்பக்கம் செயற்கை இரைகளை இழுத்துக்கொண்டு வருவார்கள். ஒன்றில் மீன் விழுந்ததும் கத்த வேண்டும். படகு வேகம் குறையும், பணியாளர் மத்திகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் எறிவார், எல்லோரும் உயிர் இரையோடு பின்பக்கம் ஓடுவார்கள். இழுவையில் விழுந்த அந்த ஒரு மீனின் பின்னால் பெரும்பாலும் ஒரு கூட்டமே வரும். தூங்கிக்கொண்டிருந்தால் அந்த முதல் ஐந்து நிமிடம் போய்விடும். அந்த ஐந்து நிமிடம்தான் பொன்னானது.

என்ன ராடு, ரீல் வேண்டும்? வாங்கணுமா?

முதல் பயணத்துக்கு வாங்க வேண்டாம். படகிலேயோ துறையில் உள்ள கடையிலேயோ வாடகைக்குத் தருவார்கள். 5 நாள் வரையான பயணத்துக்கு 30, 40, 60 பவுண்டு லைனில், அதாவது அறாமல் அத்தனை பவுண்டு இழுப்பைத் தாங்கும் லைனில், மூன்று செட் போதும். பெரிய நீலத்துடுப்பு இருக்கிறது என்றால் 80-உம் 100-உம் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பசு'ப் பயணத்துக்கு 100, 130 பவுண்டு லைனும், இரண்டு வேகம் உள்ள ரீலும் கட்டாயம்.

ரீலில் உள்ளே பின்னல் நூல் லைன், நுனியில் நீரில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத ஃபுளோரோகார்பன் என்னும் இழை. ரீலின் பிடிப்பு, அதாவது மீன் லைனை இழுக்கும்போது ரீல் கொடுக்கும் தடை, லைன் வலுவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 100 பவுண்டு லைனுக்கு 25 முதல் 30 பவுண்டு. கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடாதீர்கள். பணியாளரிடம் தராசு இருக்கும், மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தெற்கே ஓடும் முதல் நாளில் கேப்டன் எல்லோரையும் கூட்டி வைத்து முடிச்சு, முள், லைன் பற்றிப் பாடம் எடுப்பார். அதைத் தவறவிடாதீர்கள்.

பெரிய மீன் மாட்டிவிட்டது. இனி என்ன செய்வது?

முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள் போட்டிருந்தால் ராடை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. லைன் ஓடட்டும், இரண்டு மூன்று நொடி பொறுத்து ரீலின் லீவரை மெல்ல முன்னால் தள்ளி, ரீலைச் சுற்றுங்கள். மீன் திரும்பி ஓடும்போது முள் தானாக வாயோரத்தில் ஏறிக்கொள்ளும்.

பிறகு அது ஓடும் ஓட்டம் இருக்கிறதே, அதை நிறுத்தப் பார்க்காதீர்கள். மீன் போகும் திசைக்கு நேராக நீங்கள் நகருங்கள். பக்கவாட்டில் போனால் நீங்களும் பக்கவாட்டில். கூடவே இருபது பேர் லைன் போட்டிருப்பார்கள். ஒருவர் லைனுக்கு மேலாகவோ கீழாகவோ ராடை நுழைத்துக் கடந்துபோக வேண்டும். 'மேலே போ', 'கீழே போ' என்று பணியாளர் சொல்வார். சொன்னதை அப்படியே செய்யுங்கள், விவாதம் வேண்டாம். பாதிப் பெரிய மீன்கள் போவது சிக்கலில்தான், பலக் குறைவில் அல்ல.

கொஞ்ச நேரத்தில் மீன் நேர் கீழே இறங்கி வட்டமடிக்கத் தொடங்கும். இங்கேதான் ஆட்கள் களைத்துப் போவார்கள். ராடைப் படகின் விளிம்புக் கம்பியின் மேல் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். எடையைக் கம்பி தாங்கும், உங்கள் முதுகு தப்பிக்கும். ரீலைக் குறைந்த வேகத்துக்கு மாற்றுங்கள். வட்டத்தில் பாதி தூரம் மீன் உங்களை நோக்கி வரும், மீதிப் பாதி விலகிப் போகும். விலகும்போது பிடித்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். ராடு நுனி லேசாக நிமிர்ந்ததும் ஒரு சுற்று, இரண்டு சுற்று. அடுத்த வட்டத்தில் மறுபடி ஒரு சுற்று. அவ்வளவுதான் வேலை. ஆனால் அதை ஒரு மணி நேரம் விடாமல் செய்ய வேண்டும்.

ஆழத்தில் வெள்ளிபோல் ஒன்று மின்னியதும் பணியாளர் 'கலர்!' என்று கத்துவார். கடைசிச் சுற்றுகளில் பதறி இழுத்து லைனை அறுப்பவர்கள் நிறைய. அதே நிதானத்தில் சுற்றிக்கொண்டே இருங்கள். நீண்ட கொக்கியோடு இரண்டு பேர் தயாராக நிற்பார்கள். தலையில் கொக்கி விழும் வரை ரீலை விட்டுக் கையை எடுக்காதீர்கள்.

காத்தாடி விட்டு மீன் பிடிப்பது நிஜமா?

நிஜம்தான். காற்று போதவில்லை என்றால் ஹீலியம் பலூனையும் காத்தாடியோடு கட்டிவிடுவார்கள். லைன் காத்தாடியிலிருந்து இறங்கி, படகிலிருந்து வெகுதூரத்தில் கோலா மீனையோ அதேபோல் செய்த ரப்பர் கோலாவையோ நீர்மட்டத்தில் துள்ள வைக்கும். நீருக்குள் லைனே இல்லாததால் சந்தேகப் பிராணியான பெரிய சூரைகூட ஏமாறும். நூறு கிலோ மீன் ஒன்று அடியிலிருந்து கிளம்பி அந்தக் கோலாவைக் காற்றிலேயே கவ்வுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எனக்கு அவ்வளவு பலம் இல்லை. வயதும் ஆகிவிட்டது. முடியுமா?

முடியும். எழுபதைத் தாண்டியவர்கள் இந்தப் படகுகளில் நிறைய. பெண்களும் வருகிறார்கள். படகின் விளிம்புக் கம்பியைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தால் உடல் பலம் இரண்டாம் பட்சம். முடியவில்லை என்றால் ராடை இன்னொருவர் கையில் கொடுக்கலாம். சாதனைப் பதிவுக்கு மட்டும் அது செல்லாது. இதய நோய், முதுகு வலி இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரி இரண்டு நாள் தூரத்தில் இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

கடல் நோய் வந்தால்?

வாந்தி வந்த பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை. முந்தின இரவே தொடங்குங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டைக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். பெரும்பாலோருக்கு இரண்டாம் நாளில் உடம்பு பழகிவிடும்.

சாப்பாடு, தூக்கம்?

இருவர் தங்கும் சிறிய அறைகள், பொதுக் குளியலறை. சாப்பாடு நன்றாகவே இருக்கும். மூன்று வேளையும் சூடாக, நடுவில் நொறுக்கும் உண்டு. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். நான் ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப் போவதுண்டு. நாலாம் நாள் அதன் அருமை தெரியும்.

பிடித்த மீனை அத்தனை நாள் எப்படிக் கெடாமல் வைக்கிறார்கள்?

சூரை மற்ற மீன்களைப்போல் குளிர்ந்த உடம்புக்காரன் அல்ல. தசைக்குள் ரத்தக் குழாய்கள் ஒன்றையொன்று ஒட்டி எதிரெதிராக ஓடி, உழைப்பில் பிறக்கும் சூட்டை வெளியே விடாமல் திருப்பி உள்ளேயே அனுப்பும். அதனால்தான் அது அத்தனை வேகமாக நீந்துகிறது. ஆனால் ஒரு மணி நேரம் போராடிய சூரையின் உள்தசை கடல்நீரைவிட நன்றாகவே சூடாக இருக்கும். அப்படியே டெக்கில் போட்டு வைத்தால் கறி வெளிறிப் புளித்துப்போகும். ஹிஸ்டமின் சேர்ந்து, சாப்பிட்டால் முகம் சிவந்து தலைவலி வரும். பிறகு எவ்வளவு சமைத்தாலும் அது போகாது.

அதனால் மீன் டெக்கில் விழுந்ததும் பணியாளர் மூளையில் ஊசிக் கம்பியால் ஒரே குத்து. மீன் துடிப்பு நின்றதும் செவுளை அறுத்து ரத்தம் வடிய விடுவார். உங்கள் எண் உள்ள சிறு அட்டையைச் செவுள் மூடியில் குத்தி, சுழியம் டிகிரிக்கும் சற்றே கீழே குளிர்வித்த கடல்நீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். உப்பு நீர் என்பதால் அந்தக் குளிரிலும் உறையாது. 10 நாள் கழித்துக் கரையில் எடுக்கும்போது கண் தெளிவாக இருக்கும்.

கரையில் ஒவ்வொருவர் எண்ணையும் கூப்பிட்டு மீனை அடுக்குவார்கள். மிகப் பெரிய மீன்களை எடை போட்டுப் பரிசுத் தொகை பிரிப்பார்கள். அங்கேயே மீன் வெட்டித் தரும் நிறுவனங்களின் வண்டிகள் நிற்கும். காற்றை நீக்கிப் பை போட்டு, உறைய வைத்துத் தருவார்கள். கேட்டால் டின்னிலும் அடைத்துத் தருவார்கள்.

எத்தனை மீன் பிடிக்கலாம்? என்னென்ன ஆவணம் வேண்டும்?

மெக்சிகோ கடலில் நாளுக்கு மொத்தம் 10 மீன், ஒரே வகையில் 5-க்கு மேல் கூடாது. நீண்ட பயணத்தில் மூன்று நாள் அளவு வரை வைத்திருக்கலாம். நீலத்துடுப்புக்குத் தனி வரம்பு உண்டு. அமெரிக்கா 2015-ல் நாளுக்கு 2, பல நாள் பயணத்துக்கு அதிகபட்சம் 6 என்று கொண்டுவந்தது. விதிகள் மாறும், கிளம்பும் முன் படகு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிடித்ததை விற்கக் கூடாது.

பாஸ்போர்ட் கட்டாயம், கரையிறங்காவிட்டாலும். மெக்சிகோ மீன்பிடி உரிமம் பல நீண்ட பயணங்களில் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கும். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்கள் கவனியுங்கள்: நீங்கள் இன்னொரு நாட்டுக் கடலுக்குப் போய்த் திரும்புகிறீர்கள். பணம் கட்டும் முன்பே படகு அலுவலகத்திடமும் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடமும் பேசிவிடுங்கள்.

செலவு?

நாளுக்குச் சுமாராக 400 டாலருக்கு மேல் என்று கணக்கு வையுங்கள். அதற்கு மேல் வாடகைக் கருவி, மீன் வெட்டும் கூலி, பணியாளர்களுக்கு அன்பளிப்பு. அன்பளிப்பு கட்டணத்தில் 10 முதல் 15 சதவீதம் வழக்கம். இரவெல்லாம் உங்கள் சிக்கலைப் பிரித்துத் தந்தவர்கள் அவர்கள், அதில் சுருக்காதீர்கள்.

சூரை அழிந்துகொண்டிருக்கிறது என்கிறார்களே. இப்படிப் பிடிப்பது சரியா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. பசிபிக் நீலத்துடுப்பின் கதையைப் பாருங்கள். அது முட்டையிடுவது ஜப்பான், தைவான் பக்கம். குஞ்சுகளில் ஒரு பகுதி பசிபிக்கையே கடந்து கலிபோர்னியாவுக்கும் பாஹாவுக்கும் வந்து, சில ஆண்டுகள் தின்று வளர்ந்து, முட்டையிடத் திரும்பிப் போகும். இரண்டு பக்கமும் வளராத மீனை வலைபோட்டு அள்ளியதில், 2010 வாக்கில் முட்டையிடும் மீன்களின் அளவு, மீன்பிடிப்பே இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவில் ஏறக்குறைய 2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

அதன்பின் நாடுகள் சேர்ந்து தொழில் மீன்பிடிப்புக்கு, குறிப்பாகச் சிறு மீன் பிடிப்பதற்கு, கடுமையான வரம்பு வைத்தன. பொழுதுபோக்குப் படகுகளுக்கும் வரம்பு குறைந்தது. முன்பு நாளுக்கு 10 இருந்தது 2 ஆனது. 20 சதவீதத்தை எட்டுவது இலக்கு. 2021-லேயே, குறித்த காலத்துக்குப் பத்தாண்டு முன்னதாகவே, அது எட்டப்பட்டது. 2024-ல் வெளியான மதிப்பீடு 23 சதவீதம் என்றது. இன்று சான் கிளமென்டே பக்கம் 300 பவுண்டு நீலத்துடுப்பு கிடைக்கிறது என்றால் அந்த வரம்புகளுக்கும் அதில் பங்கு உண்டு. அதனால் என் வேண்டுகோள் ஒன்றுதான்: வீட்டில் சாப்பிடத் தேவையான அளவு ஆனதும் ராடை வைத்துவிடுங்கள். வரம்பு வரை பிடித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நம் ஊரில் சூரைக்கு அவ்வளவு மதிப்பு இல்லையே. இத்தனை கறியை என்ன செய்வது?

ஊரில் பல இடங்களில் சூரை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்து, கறுத்து, வாடையோடு வருவதால் வந்த பெயர் அது. உடனே ரத்தம் வடித்துக் குளிர்வித்த சூரையைச் சாப்பிட்டுப் பாருங்கள், வேறு மீன் என்றே நினைப்பீர்கள். நடுவில் ஓடும் கருஞ்சிவப்புத் தசையை எடுத்துவிட்டால் வாடை பாதி போய்விடும். மிளகு, உப்பு தடவிக் காய்ந்த இரும்புக் கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். நடுப்பகுதி சிவப்பாகவே இருக்கட்டும். முழுக்க வெந்தால்தான் ஆகும் என்பவர்களுக்குப் புளிக்குழம்பு. வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுச் சுறாப் புட்டு மாதிரியே செய்தால் குழந்தைகள்கூட விரும்பிச் சாப்பிடுவார்கள்.

முதல் முறை. எத்தனை நாள் பயணம் எடுக்கலாம்?

ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில் ஒரு 3 நாள் பயணம். உடம்பு கடலுக்குப் பழகுகிறதா என்று தெரியும், மத்தியைக் கையாளப் பழகலாம், 20 முதல் 40 பவுண்டு மீன்களில் கை தேறும். பிடித்திருந்தால் அடுத்த ஆண்டு 8 நாள். ஆட்களைக் குறைவாக ஏற்றும் பயணமாகப் பார்த்து எடுங்கள். 30 பேருக்குப் பதில் 22 பேர் என்றால் சிக்கல் பாதியாகும், பணியாளர் உங்களுக்குச் சொல்லித் தரவும் நேரம் இருக்கும். நல்ல பயணங்கள் ஓராண்டுக்கு முன்பே நிரம்பிவிடும். அதனால் இப்போதே கூப்பிட்டுப் பேசி, காலி இடம் வந்தால் சொல்லச் சொல்லிப் பெயர் கொடுத்து வையுங்கள்.